பார்த்து எழுதியவர்களின் காலம்

நான் படித்த பள்ளியில் உலகம் பீரோவுக்குள் இருந்தது. உலக உருண்டை, துணியில் ஒட்டிச் சுருட்டிய வரைபடங்கள், நுண்ணோக்கி, இரண்டு காந்தம், ஒரு முப்பட்டகம் எல்லாம் அதே பச்சைத் தகரப் பீரோவில். சாவியைத் தலைமையாசிரியர் அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பதாக வகுப்பில் பேச்சு. மாவட்டக் கல்வி அலுவலர் ஆண்டாய்வுக்கு வருவதற்கு முதல் நாள் பீரோ திறக்கும். உருண்டையைத் துடைத்து மேசைமேல் வைப்பார்கள். அலுவலர் விரலால் ஒரு சுற்று சுற்றிவிடுவார். பூமி சுழல்வதை நாங்கள் கண்ணால் கண்டது அந்த ஒரு நாள்தான். மறுநாள் பூமி பீரோவுக்குத் திரும்பிவிடும்.

இதில் தலைமையாசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருப்புப் பதிவேட்டில் ‘உலக உருண்டை - 1’ என்று எழுதியிருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் அந்த ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதை எத்தனை பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள் என்று கேட்க அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது. உடைந்தால் பொறுப்பாளர் சம்பளத்தில் பிடித்தம். பிள்ளைகள் தொடாத பொருள்தான் உடையாத பொருள். இந்தச் சூத்திரத்தைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர்கள் எந்தப் பிடித்தமும் இல்லாமல் நற்பெயரோடு ஓய்வு பெற்றார்கள்.

பீரோவின் மேல் ஒரு ரேடியோவும் இருந்தது. ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம் அது. திருச்சி வானொலியின் பள்ளி ஒலிபரப்பை மாணவர்கள் கேட்பதற்காக வாங்கியது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும் நாட்களில் அது ஆசிரியர் அறைக்கு இடம் மாறும். அந்த நாட்களில் எங்களுக்கு மௌன வாசிப்பு. ஒருவகையில் அதுவும் தொழில்நுட்பத்தால் நடந்த சுயகற்றல்தான்.

அன்றைக்கு வகுப்பறையின் பெருங்குற்றம் பார்த்து எழுதுவது. பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்த்தால் காது திருகல். கேட்டு எழுதினால் முட்டி போட வேண்டும். இரண்டு பேர் விடையும் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் இரண்டு பேருக்கும் பிரம்பு. ஒரே மாதிரிச் சரியாக இருந்தால் மார்க்குக் குறைவான பையனுக்கு மட்டும் பிரம்பு. எனக்கு நீள் வகுத்தலைக் கற்றுத் தந்தது கணக்கு வாத்தியார் என்றுதான் பள்ளி ஆவணம் சொல்லும். நிஜத்தில் கற்றுத் தந்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கல் சூளைக்காரர் மகன். “ஆயிரம் கல்லு இருக்கு, ஏழு வண்டிக்குப் பிரிடா, மிச்சத்தச் சூளையிலயே போட்டுட்டு வா” என்றான். மிச்சம் ஆறு கல் சூளையில் நின்றது. வகுத்தல் புரிந்துவிட்டது. வகுப்பில் பேசியதற்காக இருவரும் வெளியே நின்றோம்.

பிற்பாடு நானே ஆசிரியனாகி, புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித் தந்துகொண்டிருக்கிறேன். ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டே 60 ஆக்கினார்கள். ஸ்மார்ட் போர்டைத் தொட்டுப் பார்க்கும் பேறு எனக்கு அப்படி வாய்த்தது.

வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் பயிற்சிகள் தொடங்கின. பயிற்சி என்றால் சார்ட், ஸ்கெட்ச் பேனா, டீ, பிஸ்கட். நாற்பது வயதுக்காரர்களை ரோஜா, மல்லிகை, தாமரை என்று பிரித்து வட்டமாக உட்கார வைப்பார்கள். (நான் பெரும்பாலும் மல்லிகை.) அப்படி ஒரு பயிற்சியில் கருத்தாளர், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் புதிய முறை ஒன்று மேலைநாடுகளில் வந்திருப்பதாகச் சொன்னார். திரையில் பின்லாந்துக் குழந்தைகள். மஞ்சள் முடி, மர மேசை, ஜன்னலுக்கு வெளியே பனி. எல்லோரும் குறிப்பெடுத்தோம். பக்கத்து ரோஜாவைப் பார்த்துத்தான்.

அந்த முறை மேலைநாட்டுக்குப் போன கதை சுவையானது. 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஆசிரியர்கள் அவர் சொன்னபடி கேட்கவில்லை. இந்த நேரத்தில் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தருவது அங்கே நடைமுறை. அந்தப் பெரிய பையனைச் சட்டாம்பிள்ளை என்றால் நம் தாத்தாக்களுக்குத் தெரியும். பெல் அதையே தன் காப்பகத்தில் செய்து பார்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு வைத்த பெயர் ‘மெட்ராஸ் முறை’. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதைப் பின்பற்றின. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். பின்லாந்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பாதிப்பேரின் பாட்டனார்கள் சட்டாம்பிள்ளையிடம் உதை வாங்கி எழுத்துப் படித்தவர்கள்.

ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்த முறை பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம், ஒரே ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான். கூடிக் கற்றலைப் பற்றி யாராவது மேடையில் உருகினால், அந்தப் பள்ளியில் எத்தனை பணியிடம் காலி என்று நான் விசாரித்துக்கொள்வது அதனால்தான்.

2007-08 வாக்கில் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை எடுத்து, ஏணிப்படியில் தங்கள் படியைத் தாங்களே தேடி, சுவரோரம் தாழ்வாக அடித்த கரும்பலகையில் எழுதினார்கள். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. நடுநிலை வகுப்புக்குப் படைப்பாற்றல் கல்வி. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகள் மனவரைபடம் வரைய வேண்டும். ஒரு பருவத்துக்குள் மனவரைபடங்கள் கைடில் அச்சாகி வந்துவிட்டன. பிள்ளைகள் ஏதோ ஒரு பதிப்பகத்தாரின் மனத்தைப் பார்த்து அழகாக வரைந்தார்கள்.

2012-இல் முப்பருவ முறை. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நாற்பதுக்குள் குழுச் செயல்பாட்டுக்கு மதிப்பெண். எந்தக் காரியத்துக்கு எனக்குக் காது திருகினார்களோ அதே காரியத்துக்கு என் மாணவர்களுக்கு நான் மார்க் போட்டேன். சட்டம் மாறியது, பிள்ளைகள் மாறவில்லை. ஐந்து பேர் குழுவில் கையெழுத்து அழகாக உள்ள பெண் எழுதுவாள். செராக்ஸ் கடைக்காரர் மகன் படம் கொண்டுவருவான். ஒருவன் பசை. மற்ற இருவர் சார்ட்டின் கீழ்மூலையில் பெயர்களாக மட்டும் இருப்பார்கள், தலைப்பெழுத்தோடு. ஐவருக்கும் ஒரே மார்க். சும்மா இருந்தவனுக்கு மார்க் குறைத்தால் அவன் அப்பா வருவார். எழுதியவளுக்குக் கூட்டிக் கொடுத்தால் படிவத்தில் இடமில்லை.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மேல்நிலை மாணவர்கள் கைக்குக் கணினி வந்தது, ஆசிரியர்கள் கைக்கு வரவில்லை. அரசு இதைத் திட்டமிட்டுச் செய்திருக்காது. ஆனாலும் நான் பார்த்த கல்விச் சீர்திருத்தங்களில் இதற்கு நல்ல இடம் கொடுப்பேன். அதுவரை எங்களிடம் இருந்து அவர்கள் பக்கம் ஓடிய தண்ணீர் திரும்பி ஓடியது. வினாத்தாளைத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் வேறு கணினியில் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு, ஒருங்குறி என்ற சமாச்சாரங்களை எனக்குப் புரியவைத்தவன் இயற்பியலில் முப்பத்தைந்தைத் தாண்டாத ஒரு பையன். “சார், இது ஃபாண்டுல மட்டுந்தான் தமிழு. உள்ளாற இங்கிலீசு” என்றான். மடிக்கணினியில் அவர்கள் முக்கால்வாசி நேரம் சினிமாதான் பார்த்தார்கள். அந்தச் சினிமாவை நாற்பது கணினிக்கு ஒரே பென் டிரைவில் கொண்டுபோய்ச் சேர்த்த ஒழுங்கைப் பார்த்தபோது, குழுச் செயல்பாட்டுக்கு இவர்களுக்கு நூற்றுக்கு நூறு போடலாம் என்று தோன்றியது.

கொரோனாவுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, நடுவில் சில வாரம் திறந்து மூடியதைத் தள்ளினால், ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு 2021 செப்டம்பரில்தான் ஒழுங்காகத் திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பரில். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு அப்போதுதான் முழுநேர வேலை வந்தது. எங்கள் பங்குக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். வகுப்பில் பாதிப்பேர்தான் குழுவில். அந்தப் பாதியிலும் போன் அப்பாவுடையது. அப்பா திருப்பூரிலோ கட்டட வேலையிலோ. நான் அனுப்பிய ஒளிச்சிதறல் பாடம் ஒரு கொத்தனாரின் சட்டைப் பையில் பகல் முழுக்கச் சாரத்தில் ஏறி இறங்கி, இரவு எட்டு மணிக்கு மகளிடம் போய்ச் சேரும். ஒருமுறை அந்தக் கொத்தனாரே எனக்குக் குரல் பதிவு அனுப்பினார்: “சார், வானம் ஏன் நீலம்னு கேட்டேன். நல்லா இருந்துச்சு. பாப்பா இன்னும் கேக்கல.”

ஊருக்குள் போய்ப் பார்த்தேன். கண்மாய்க்கரையில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், ஆறு பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரை கீறல் விழுந்தது, சத்தம் கரகரத்தது. வீடியோ நிற்கும் இடங்களிலெல்லாம் அவர்களுக்குள் விவாதம்: அடுத்து சார் என்ன சொல்லுவார்? ஒருத்தி ஊகித்துச் சொல்வாள், இன்னொருத்தன் மறுப்பான், வீடியோ மறுபடி ஓடியதும் யார் சொன்னது சரி என்று தெரியும். முப்பதாண்டு வகுப்பெடுத்தும் என் பாடத்தை யாரும் இவ்வளவு ஆவலாக எதிர்பார்த்ததில்லை. தலைக்கு ஒரு போனும் நல்ல இணைப்பும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னால் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு, ஏழைப் பிள்ளைக்குக் கீறல் போனே போதும் என்பார்கள். போதாது. அந்த வகுப்பிலிருந்து அப்போது சித்தாள் வேலைக்கும் மில்லுக்கும் போன சிலர் திரும்பி வரவே இல்லை.

சூரிய கிரகணத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1980 பிப்ரவரி 16 கிரகணம் கர்நாடகப் பக்கம் முழுமையாக, எங்களுக்குப் பகுதியாக. நான் ஏழாம் வகுப்பு. அப்பத்தா கதவைச் சாத்தி, தண்ணீர்ப் பானையில் தர்ப்பையைப் போட்டு, என்னைக் கூடத்தைத் தாண்ட விடவில்லை. பள்ளியில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. அந்த வாரப் பாடம் வேறு.

2019 டிசம்பர் 26-இல் வந்தது வளையக் கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல், எங்கள் புதுக்கோட்டை எல்லாம் அதன் பாதையில். அரையாண்டு விடுமுறை, பள்ளியில் ஆளில்லை. அறிவியல் இயக்கத்து நண்பர்கள் கண்ணாடி கொடுத்திருந்தார்கள், எல்லோருக்கும் காணாது. கிரகணம் பார்க்க வந்த பிள்ளைகள் அட்டையில் ஊசித்துளை போட்டார்கள். கைக்கண்ணாடியைத் துளையிட்ட காகிதத்தால் மூடி, சூரிய பிம்பத்தை வகுப்பறையின் இருட்டுச் சுவரில் விழவைத்தார்கள். ஒன்பதரை மணி வாக்கில் ஒரு சின்னப் பெண் கத்தினாள், “சார், வேம்பு முழுக்க வளையலு!” வேப்பமர நிழலில் இலைகளுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் ஒரு வளையம். மண்ணில், என் செருப்பில், ஒரு நாயின் முதுகில். கிரகணத்தை நேரலையில் காட்ட ஆய்வகத்துப் புரஜெக்டரைத் தயார் செய்துகொண்டிருந்த நண்பர், அது இணைப்புக் கிடைத்து வருவதற்குள், தானும் மரத்தடிக்கு வந்துவிட்டார். அவர் அனுப்ப வேண்டிய அறிக்கைக்குப் படம் தேவைப்பட்டது. நாயைப் படமெடுத்து அனுப்பினார்.

அறிக்கை என்றதும் செயலிகள் ஞாபகம் வருகின்றன. அன்று வகுப்பில் ஆசிரியர் கையில் பிரம்பு; இன்று போன். மாணவன் போன் கொண்டுவந்தால் பறிமுதல். ஆசிரியர் போனைப் பார்க்காவிட்டால் விளக்கம் கேட்டுக் குறிப்பு. வருகைப் பதிவு அதில், மதிப்பீடு அதில், பயிற்சி அதில், பயிற்சி எடுத்ததற்குச் சான்றும் அதில். நான் கரும்பலகைக்கு முதுகைக் காட்டாமல் வகுப்பெடுக்கப் பழகியவன். இப்போது முகத்தையே காட்ட முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் தொழில்நுட்பம் உண்மையிலேயே பலன் தந்த ஒரு வகுப்பு உண்டு. பாடம் நீர்வளம். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கூகுள் எர்த் போட்டு, எங்கள் ஊரை வானத்திலிருந்து காட்டினேன். வழக்கம்போல முதலில் அவரவர் வீட்டைத் தேடினார்கள். தகரக் கூரை யாருடையது, ஓடு யாருடையது என்று சண்டை. பிறகு ஒருவன், படிப்பில் கடைசி வரிசை, ஆடு மேய்க்கப் போகிறவன், திரையருகே வந்து ஒரு கோட்டை விரலால் தடவினான். “இது வரத்துக் கால்வாய். பெரிய கண்மாய்க் கலிங்குல வழிஞ்சு நம்ம கண்மாய்க்கு வரும். இங்கன பாருங்க, ப்ளாட்டு போட்டு அடச்சுட்டாங்க.” வகுப்பு அமைதியானது. கால்வாயின் மேல்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், அடைத்தது நாங்கள் இல்லை என்றார்கள்.

அடுத்த சில வாரம் என் வேலை குறைந்துவிட்டது. ஒரு குழு கண்மாய்க்குள் போய் மடைகளையும் கலிங்கையும் படமெடுத்தது. ஒருத்தி தன் தாத்தாவைப் பேசவைத்துப் போனில் பதிந்தாள். எந்த மடை எந்த வயலுக்கு, முறைத் தண்ணீர் யார் யாருக்கு எத்தனை நாழிகை என்று மனிதர் மனப்பாடமாகச் சொன்னார். கண்மாய் நடுவில் நிற்கும் இரண்டு கல்தூண்களை, எருமை முதுகு தேய்க்க நட்டவை என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அது குமிழித்தூம்பு, அந்தக் காலத்தில் வண்டலோடு தண்ணீர் வெளியேற்ற அமைத்தது, இந்த மாவட்டத்தில் கல்வெட்டோடு கூடிய தூம்புகளே பல உண்டு. ஆடு மேய்ப்பவனுக்கு வழி தெரியும், எழுத வராது. எழுதத் தெரிந்தவளுக்கு வழி தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பிறகு அவள் எழுதியதைப் பார்த்து அவன் எழுதினான். ஆமாம், பார்த்து எழுதினான். அந்த ஆண்டு அவன் சொந்தமாக எழுதிய முதல் பக்கம் அது.

ஆய்வுக்கு வந்தவர் வரைபடத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். செயலியில் ஏற்றியாயிற்றா என்று கேட்டார். ஏற்றவில்லை, கோப்பு அளவு பெரிது என்று அது ஏற்க மறுத்துவிட்டது. பதிவேட்டின்படி அந்த வகுப்பு நடக்கவில்லை. அடைத்த கால்வாயும் இன்னும் திறக்கவில்லை. பிள்ளைகள் எழுதிய மனுவுக்கு ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இப்போது எங்கள் பள்ளியில் இரண்டு ஸ்மார்ட் போர்டு. ஒன்றுக்கு இணையம் இல்லை. மற்றதற்குப் பேனா தொலைந்துவிட்டது. அறைக்குக் கம்பிக்கதவும் திண்டுக்கல் பூட்டும் போட்டிருக்கிறோம், திருட்டுப் பயம்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022-இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் தொடங்கியதிலிருந்து, பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அடிக்கடி போன் செய்கிறீர்கள். சந்தோஷம். மூன்றாவது போர்டு வேண்டாம். மூன்று ஆண்டுக்கு இணையக் கட்டணம் கட்டுங்கள். ஒரு யுபிஎஸ் பேட்டரி மாற்றிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை வந்து பழுது பார்க்கத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். இணையக் கட்டணத்தின் மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுத இடமில்லை என்பது எனக்கும் தெரியும். பில்லைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார்.